ஏழாவது பெயர்

ஏழு பெயர் என்று முடிவு செய்தது நான்தான். என் நாட்குறிப்பில் அது 1981 நவம்பர் 12, வியாழக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்ட ஏழு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அடியில், ‘இதைவிட நியாயமாகச் செய்ய முடியுமா, யோசிக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். யோசிக்கவும் செய்தேன். யோசிக்காமல் செய்த தவறாக இருந்தால் இன்றைக்கு இவ்வளவு தொந்தரவு இருக்காது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் குன்னூர் மார்க்கெட் மாடியில் இருந்த தொழிற்சங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை தொழிலாளர் சட்ட வகுப்பு. வகுப்பில் பதினொரு பேர் இருந்தோம். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை தூக்காமல், வீட்டுக்கு வந்து அந்தப் பதிலை நாட்குறிப்பில் எழுதி வைப்பேன்.

வழக்கு மாரியாயியுடையது. அரவேணு பக்கம் மேல்கரை எஸ்டேட்டில் அவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கணவர் சிலோனிலேயே இறந்துவிட, ஒரே மகளோடு ஏழு வருடம் முன்னால் கப்பலில் வந்தவர். மகள் பத்தாம் வகுப்பு. எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம், பதினொன்றாம் நம்பர் தேயிலைக் காட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்து நிரையில் நிற்பவரின் கூடை மட்டும் தெரியும் அளவுக்குப் பனி. மாரியாயி கடைசி நிரையில், சோலையை ஒட்டி நின்றிருந்தார். திடீரென்று, “எருமை, மேல ஏறுங்க” என்று குரல் கொடுத்தார். இருபத்து மூன்று பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டங்களில் அது வழக்கம். காட்டெருமை என்று ஒருத்தி குரல் கொடுத்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்கவும் கூடாது. மேலே ஏறிவிட வேண்டும். குரல் பொய்த்துப் போனால் குரல் கொடுத்தவளைக் கொஞ்ச நேரம் கேலி செய்துவிட்டு இறங்கி வருவார்கள். எந்த எஸ்டேட்டின் வேலை விதிகளிலும், நிலையாணையிலும் இதை எழுதிவைக்கவில்லை. மழை பெய்தால் நனையும் என்று யாரும் எழுதிவைப்பதில்லையே.

அன்றைக்கு மேஸ்திரி வேலன் வந்து பார்த்தபோது காட்டில் எதுவும் இல்லை. பின்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. குளம்புத் தடம் இருந்திருந்தாலும் கரைந்திருக்கும். அந்த வாரம்தான் பறிக்க வேண்டிய கிலோ அளவை எஸ்டேட் கூட்டியிருந்தது, பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் குமாரசாமி இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ‘பொய்க் காரணம் சொல்லி வேலை நிறுத்தத்தைத் தூண்டியது’ என்று மாரியாயியை வேலையிலிருந்து நீக்கினார்.

சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. கடைசியில், இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒரு நடுவர் விசாரித்துச் சொல்லட்டும், அதுவரை மாரியாயி லயனிலேயே இருக்கலாம் என்று முடிவானது. யார் நடுவர் என்பதில் மூன்று வாரம் போய்விட்டது.

“பொன்ராஜு, நீ படிக்கற கிளாசுல இதுக்கெல்லாம் ஒரு வழி சொல்லித் தரமாட்டாங்களா?” என்று சங்கச் செயலாளர் சில்வஸ்டர் கேட்டார். “நாம ஒரு பேரு சொன்னா குமாரசாமி ஒதட்டப் பிதுக்கறாரு. அவரு ஒரு பேரு சொன்னா நம்ம கமிட்டிக்காரங்க சேரைத் தள்ளிட்டு எந்திரிக்கறாங்க. இப்படியே போனா அந்தம்மா ரிட்டயரே ஆயிரும்.”

“ஒரு வழி இருக்குதுங்கண்ணா. ஒரு பட்டியல் போட்டு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒவ்வொரு பேரா அடிச்சுக்கிட்டே போகணும். கடைசியா மிஞ்சறவருதான் நடுவர்.”

“சண்டையில்லாம முடிஞ்சுருமா?”

“அரை மணி நேரத்துல முடிஞ்சுருங்கண்ணா.”

“அப்ப எழுதிக் கொண்டா. இத்தன நாளா இதச் சொல்லாம வாயில என்ன வச்சிருந்தே?”

இரண்டு பக்கமும் ஏற்கெனவே சொல்லியிருந்த ஆறு பெயர்களை எடுத்துக்கொண்டேன். சங்கம் சொன்னவர்கள் மூன்று பேர்: எஸ்டேட் பள்ளித் தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற வன ரேஞ்சர், கோத்தகிரி வக்கீல் ஒருவர். எஸ்டேட் சொன்னவர்கள் மூன்று பேர்: எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர், வேறொரு தோட்டத்தில் கள அதிகாரியாக இருந்தவர், பல தோட்டங்களின் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ரஹ்மத்துல்லா. ஆறு பேரையும் அகர வரிசையில் எழுதினேன். அப்படி எழுதினால் யார் சொன்ன பெயர் என்பது மறந்துபோகும் என்று நினைத்தேன்.

வகுப்பு தொடங்குமுன் பெஞ்சில் ஆறு சாக்பீஸ் துண்டுகளை வைத்து அடித்துப் பார்த்தேன். ஒருவர் மிஞ்ச ஐந்து பேரை அடிக்க வேண்டும். முதலில் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு, அடுத்தவருக்கு இரண்டு. அது நியாயமில்லை. ஏழு இருந்தால் ஆளுக்கு மூன்று. அன்றைக்கு ஏழு துண்டுகளை வைத்து நாற்பது தடவையாவது அடித்துப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு துண்டு மிஞ்சியது. எனக்கு அது மிகவும் திருப்தியாக இருந்தது. சாக்பீஸ் துண்டுகளில் யார் சொன்ன துண்டு என்பது கிடையாது. ஆட்கள் எதிர்ப்பக்கம் சொன்ன பெயரைத்தான் அடிப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏழாவதாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு கேட்டில் ‘சுடலைமணி, பி.ஏ., துறைமுகம் (ஓய்வு)’ என்று பலகை இருக்கும். தூத்துக்குடியில் சரக்குக் கிடங்கு அதிகாரியாக இருந்தவர், குளிருக்காக இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு தடவை என்னிடம் ஒரு கடிதம் டைப் செய்யக் கொடுத்து, நான் விட்டிருந்த ஒரு கமாவைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினார். அவரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. நடுவர் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன்.

“எனக்குத் தேயிலையப் பத்தி ஒண்ணும் தெரியாதே தம்பி” என்றார்.

“அதுதாங்கய்யா நல்லது. யார் பக்கமும் சாய மாட்டீங்க” என்றேன்.

இந்த வாக்கியமும் நாட்குறிப்பில் இருக்கிறது. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, மேல்கரை எஸ்டேட் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். நான் எழுதிய விதிகள் பத்து. தீர்ப்பு இறுதியானது என்பது பத்தாவது. சாட்சிகளின் பட்டியலை ஏழு நாளைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், பிறகு சேர்க்கக் கூடாது என்பது ஆறாவது. விசாரணை இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக அதை வைத்தேன். இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். “நம்ம வக்கீலே இவ்வளவு சுத்தமா எழுத மாட்டான்” என்று குமாரசாமி என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் காது சூடானது.

காசு சுண்டியதில் எஸ்டேட்டுக்கு முதல் வாய்ப்பு. குமாரசாமி கொஞ்சமும் யோசிக்காமல் ரேஞ்சரை அடித்தார்.

“ரேஞ்சர அடிச்சுட்டீங்களா? எருமை கோச்சுக்கும் சார்” என்றார் சில்வஸ்டர். அவர் டாக்டரை அடித்தார்.

“அடுத்த காய்ச்சலுக்கு எங்க போறீங்கன்னு நானும் பாக்கறேன்” என்றார் குமாரசாமி. எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் போனார். கள அதிகாரி போனார். வக்கீல் போனார். மாரியாயி அறைக்கு வெளியே, ரசாயன உரம் அடுக்கியிருந்த வராந்தாவில் நின்றிருந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டும் என்று என் விதிகள் எதிலும் இல்லை.

கடைசி வாய்ப்பு சில்வஸ்டருக்கு. ரஹ்மத்துல்லாவும் சுடலைமணியும் மிஞ்சியிருந்தார்கள். சில்வஸ்டர் என் பக்கம் சாய்ந்தார்.

“இந்த ஏழாவது ஆளு எப்படிப்பா?”

“எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நேர்மையானவருங்கண்ணா.”

“பாய் மருமகன் இதே ஆபீசுலதான் கிளார்க்கு” என்று முணுமுணுத்துவிட்டு, ரஹ்மத்துல்லாவின் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

மொத்தம் பதினொரு நிமிடம். நான் நேரம் குறித்து வைத்தேன். இரண்டு பக்கமும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது மாரியாயி, “நல்ல ஆளா தம்பி?” என்று கேட்டார். “நல்லவருங்க” என்றேன்.

நல்லவர்தான். டிசம்பர் 12, சனிக்கிழமை, எஸ்டேட் பள்ளிக்கூட அறையில் விசாரணை. சுடலைமணி இஸ்திரி போட்ட கோட்டோடு, ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். மாரியாயி நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, அவர் உட்காரும்வரை தானும் உட்கார மாட்டேன் என்றார். மாரியாயி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நான் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு.

“நீங்க பாத்தது எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?”

“நாலு செடி தள்ளிங்க ஐயா.”

“நாலு செடின்னா எத்தனை அடி?”

மாரியாயி தன் கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“சரி விடுங்க. என்ன பாத்தீங்க?”

“கறுப்பா நின்டுச்சுங்க. தல தெரியல. காலு மட்டும் வெள்ளையா இருந்திச்சு.”

“கறுப்பா, வெள்ளையா?”

“கறுப்புதாங்க ஐயா. காலு வெள்ள.”

சுடலைமணி எழுதிக்கொண்டார். சில்வஸ்டர் எழுந்தார். “எருமைக்கு முட்டிக்குக் கீழ வெள்ளையாத்தானுங்க இருக்கும். மலையில எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதே” என்றார் சுடலைமணி. அதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. “அதைச் சொல்றதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?”

சாட்சிப் பட்டியலில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் மாரியாயியின் குரலைக் கேட்டவர்கள், எருமையைப் பார்க்கவில்லை. பனியில் முதலில் நிற்பவள்தான் பார்ப்பாள். ரேஞ்சரைக் கூட்டிவருகிறோம், அரை நாள் கொடுங்கள் என்று சில்வஸ்டர் கேட்டார். குமாரசாமி என் தாளை நடுவர் முன்னால் நகர்த்தி ஆறாவது விதியில் விரலை வைத்தார். சுடலைமணி அதை இரண்டு முறை படித்தார்.

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்றார், வருத்தமாகத்தான்.

பிறகு குமாரசாமி கேட்டார். “ஏம்மா, சிலோன்ல உங்க தோட்டத்துல காட்டெருமை உண்டா?”

“இல்லீங்க தொரை. அங்க அட்டைதான்.”

“இங்க வந்து ஏழு வருசத்துல எத்தனை எருமை பாத்திருக்கே?”

“சொல்லக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்தது அன்னைக்குத்தாங்க மொதத் தடவ.”

“மொதத் தடவைன்னா, அது எருமைதான்னு உனக்கு எப்படித் தெரியும்? பாறையா இருக்கலாமில்ல?”

“பாற மூச்சு விடாதுங்களே” என்றார் மாரியாயி.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுடலைமணியும் புன்னகைத்தார். அன்று அறையில் எனக்கு நம்பிக்கை வந்த ஒரே நேரம் அதுதான். ஆனால் மூச்சுச் சத்தத்தை வேறு யாராவது கேட்டார்களா என்று அவர் அடுத்த கேள்வி கேட்டார். யாரும் கேட்கவில்லை.

போகும்போது கேட்டில் என்னிடம் சொன்னார்: “நான் அந்தம்மாவ நம்பறேனா இல்லையாங்கறது வேற தம்பி. முன்னால வந்த சரக்கைத்தான் நான் பதிய முடியும். வராத சரக்கை எப்படிப் பதியறது?”

ஜனவரி 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்று பக்கம், ஒரு பிழை கிடையாது. பார்த்ததாகச் சொல்பவர் ஒருவரே. அவரும் முன்பு அந்த விலங்கைப் பார்த்ததில்லை. நிறம் பற்றி அவர் சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. அனுமதியின்றி வேலையிடத்தை விட்டுப் போகலாம் என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லை. நீக்கம் செல்லும். முப்பது நாளில் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்றாம் பக்கத்தில், நடுவரைத் தேர்ந்தெடுத்த முறை மிகச் சீரானது என்று ஒரு வரி பாராட்டும் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரவேணுவில் ரஹ்மத்துல்லாவின் மளிகைக் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கலாம்.

“கால் வெள்ளைன்னு சொல்லுச்சா?” என்றார். பருப்பு அளந்துகொண்டிருந்த கை நின்றது. “அப்பறம் என்னப்பா விசாரணை? சாக்சு மாட்டுன மாதிரி இருக்கும் அதுக்கு. சிலோன்காரிக்கு அது கனவுலயா வந்துச்சு? பாக்காதவளுக்குக் கொம்புதான் வாயில வரும், காலு வராது.”

“நீங்க இருந்திருந்தா எஸ்டேட்டுக்கு எதிரா சொல்லியிருப்பீங்களா பாய்?”

“மருமகன் ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான். மூணாம் நாளு சோத்துக்கு வந்துதானே ஆகணும்?” பொட்டலத்தை மடித்தார். “குமாரசாமி என் பேரை எதுக்குச் சொன்னாருங்கற? அவருக்கும் இதுல இருந்து மரியாதையா எறங்க ஒரு ஏணி தேவைப்பட்டுச்சு. நீங்க ஏணிய உருவிட்டீங்க.”

அது உண்மையா, தன் பெயரை அடித்த கோபத்தில் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் நாட்குறிப்பில் எழுதினேன்.

ஜனவரி 31ஆம் தேதி மாரியாயியின் லயன் வீட்டுக்குப் போனேன். சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஓவேலியில் தங்கை இருந்தாள். அங்கே ஒரு தோட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. அதுவரை பக்கத்து வீட்டு பாலாமணியோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு.

“எம்புள்ளைகூடப் படுத்துக்கட்டும். அதுக்கும் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கணுமா?” என்றார் பாலாமணி, என்னைப் பார்த்து.

“வேண்டாங்க.”

“இல்ல, கேட்டுக்கறேன். இப்பெல்லாம் எதுக்கும் கேட்டுக்க வேண்டியிருக்கு. போன வாரம் புதர்ல என்னமோ அசைஞ்சுது. ஒருத்தியும் வாயத் தொறக்கல. ஒருத்தி மேஸ்திரியக் கூட்டியாரப் போனா. மிச்சப் பேரு நின்ன எடத்துலயே நின்னோம்.”

“என்னவா இருந்துச்சுங்க?”

“கேளையாடு, சின்ன மான்தான். அன்னைக்குக் கேளையாடு.”

மாரியாயி சாக்கின் வாயைக் கட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்த ஐயாவ எப்புடித் தம்பி தேடிப் புடிச்சீங்க? மத்தவங்க பேரெல்லாம் அடிச்சாங்கன்னு பாலாமணி சொன்னா. எனக்கு வெளங்கல.”

தரையில் கிடந்த புளியங்கொட்டைகளை எடுத்து வைத்துக் காட்டினேன். இது ரேஞ்சர், இது டாக்டர், இது பாய். எஸ்டேட் ஒன்று எடுக்கும், சங்கம் ஒன்று எடுக்கும். ஒரே தடவையில் அவருக்குப் புரிந்துவிட்டது. தனியாகக் கிடந்த ஏழாவது கொட்டையைத் தொட்டார்.

“இவரு எதுக்கு?”

“ஆறு பேரு இருந்தா ஒரு பக்கத்துக்கு மூணு வாய்ப்பு, ஒரு பக்கத்துக்கு ரெண்டுதான் வரும். சமமா இருக்காதுங்க. அதனால ஏழு.”

அவர் ஏழாவது கொட்டையை ஒதுக்கிவைத்தார். மற்ற ஆறையும் மறுபடி வரிசையாக வைத்தார்.

“இவுக ஆறு பேருக்கும் எருமைக்குக் காலு எப்புடி இருக்கும்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

“அப்ப எஸ்டேட்டுக்காரவுக ஒரு வாட்டி கூடுதலா அடிச்சிட்டுப் போகட்டுமே தம்பி. யாரு மிஞ்சியிருந்தாலும் தெரிஞ்ச ஆளுதானே மிஞ்சியிருப்பாக.”

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கொழுந்தில் முற்றிய இலையைப் பார்த்து எடுத்துப் போடுவதுபோல் சொன்னார். சாக்கைப் பஸ்ஸில் ஏற்ற உதவட்டுமா என்று கேட்டேன். வேலன் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். அவரை நீக்கக் காரணமான அறிக்கையை எழுதிய அதே வேலன். அவரும் என்னைப்போல ஏதோ தூக்கிக் கொடுக்க நினைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஆறு பெயர்களை வைத்துக் கணக்குப் போட்டேன். எஸ்டேட் முதலில் அடித்தால், சங்கம் முதலில் அடித்தால் என்று எல்லா வகையிலும் போட்டேன். எல்லா வகையிலும் மிஞ்சியவருக்கு எருமையைத் தெரியும். நவம்பரில் நான் போடாத கணக்கு இதுதான். யாருக்கு எத்தனை வாய்ப்பு என்று எண்ணினேனே தவிர, மிஞ்சுகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் காலை சில்வஸ்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். வேறொரு எஸ்டேட்டில் தகராறு, அவர்களும் நடுவர் வைக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சொன்ன ஆறு பெயர்கள் அந்தக் காகிதத்தில் இருந்தன.

“நம்ம மேல்கரை ஃபாரத்தையே டைப் அடிச்சுக் குடு. கேசு தோத்தாலும் மொறை தப்புன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல பாரு.”

“அண்ணா, இந்தத் தடவ ஆறே வச்சுப் பாக்கலாங்களா? மலையைத் தெரிஞ்ச ஆளுங்க மட்டும்.”

“ஆறு வச்சா முதல்ல அடிக்கறவனுக்கு மூணு, அடுத்தவனுக்கு ரெண்டு. எவன் கையெழுத்துப் போடுவான்? நீ சொல்லிக் குடுத்த கணக்குதானே பொன்ராஜு இது.”

அவர் சொன்னது சரி. யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஏழாவதாகவும் மலையைத் தெரிந்த ஒருவரைப் போடலாம் என்றேன். மலையைத் தெரிந்த யாரும் இரண்டில் ஒரு பக்கத்துக்கு வேண்டியவராகத்தான் இருப்பார் என்றார் அவர்.

மெஷினில் தாளைச் செருகி அந்த ஆறு பெயர்களையும் டைப் அடித்தேன். ஏழாவது கோட்டில் நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

“சுடலைமணி சாரையே போடு” என்றார் சில்வஸ்டர். “அவரை ரெண்டு பக்கமும் ஒண்ணும் சொல்லாது.”

அடித்தேன். கமா விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன்.